பச்சிளங்குழந்தையின் உறக்கத்தைப் பதியும் கேமரா: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மகள் பிறந்த ஐந்தாம் நாளிலிருந்து மூன்று மாதம் முடியும்வரை, தொட்டிலுக்கு மேலே பொருத்தும் ஒரு கண்காணிப்புக் கேமராவையும் அதனுடன் வரும் உறக்கப் பதிவுச் செயலியையும் பயன்படுத்தினோம். இருட்டிலும் படம் தெளிவாக விழுகிறது, பொருத்துவதும் எளிது. ஆனால் பெற்றோர் இதை வாங்குவது படத்துக்காக மட்டுமல்ல, குழந்தை எப்போது உறங்குகிறது, எப்போது விழிக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதற்காக. அந்த வேலையை இது பாதிதான் செய்கிறது.

அசைவையெல்லாம் விழிப்பு என்றே கணக்கிடுவதுதான் இதன் பெரிய குறை. பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி, மூடிய இமைக்குள் கண்கள் உருண்டுகொண்டிருக்கும் துடிப்பான உறக்கம். பெரியவர்களைப்போல் அமைதியான உறக்கத்தைக் கடந்து அதற்கு வராமல், கண்ணை மூடியதும் குழந்தை நேரே அதில்தான் நுழைகிறது. உறக்க ஆய்வாளர்களான அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இந்தக் கண்ணசைவு உறக்கத்தை 1953இலேயே எடுத்துச் சொல்லியிருக்க, குழந்தைகளுக்கென்றே செய்த கருவிக்கு இது தெரியாமல் போனது வருத்தமளிக்கிறது.

இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு, இரண்டு மணிக்கு எச்சரிக்கை ஒலித்தது. போய்ப் பார்த்தால் மகள் நெற்றியைச் சுளித்து, பால் குடிப்பதுபோல் உதட்டைச் சப்பி, விரல்களை விரித்து மடக்கி, மெலிதாக முனகிக்கொண்டிருந்தாள். பசி என்று நினைத்துத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் உண்மையில் விழித்து வீறிட்டாள், மறுபடி உறங்கவைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பின் எச்சரிக்கையை அணைத்துவிட்டு, முனகல் கேட்டால் தொட்டிலருகே சற்று நேரம் நின்று பார்க்கத் தொடங்கினோம். பல இரவுகளில் ஓரிரு நிமிடத்தில் முகம் தளர்ந்து, மூச்சு சீராகி, மடக்கியிருந்த கை மெத்தையில் துவண்டு விழும். அவள் ஆழ்ந்து உறங்கிவிட்டாள் என்பதை அந்தக் கையை வைத்தே அறிந்துகொண்டோம்.

அடுத்த உறக்கம் எத்தனை மணிக்கு என்று செயலி முன்கூட்டிச் சொல்வதுண்டு. முதல் ஆறு வாரத்தில் அதற்குப் பொருளே இல்லை. குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கினாலும் அது சிறு சிறு துண்டுகளாகப் பசியை ஒட்டியே அமைகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கேட்கும். இரவு பகல் அறியும் உடற்கடிகாரம் இரண்டு மூன்று மாதத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. இது தெரியாமல், கணிப்பு தவறிய ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் ஏதோ பிழை என்று நான் கலங்கியிருக்கிறேன்.

மனமாரப் பாராட்ட வேண்டியது, நாளுக்கு ஒரு வரியாக உறங்கிய நேரத்தை நீலத்தில் காட்டும் வரைபடம். அசைவால் வந்த பிழைகளைக் கையால் திருத்த வேண்டியிருந்தது என்றாலும் அந்த உழைப்பு வீண்போகவில்லை. மூன்றாம் வாரத்தில் பகலென்றும் இரவென்றும் இல்லாமல் சிதறிக் கிடந்த நீலத் துண்டுகள், காலையில் திரைச்சீலையைத் திறந்து வைத்தும் இரவுப் பாலை மங்கலான வெளிச்சத்தில் பேச்சின்றிக் கொடுத்தும் வந்த நாட்களில் மெல்ல இரவுப் பக்கம் சேர்ந்தன. பத்தாம் வாரத்தில், நள்ளிரவை ஒட்டி நான்கு மணி நேரம் அறுபடாமல் ஓடிய முதல் நீலக்கோட்டைக் கணவரும் நானும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூச்சைக் கண்காணிக்கும் வசதியை நாங்கள் நம்பவில்லை. பச்சிளங்குழந்தையின் மூச்சு 5 முதல் 10 வினாடி நின்று, பிறகு வேகமாகத் தொடர்வது இயல்பே. 20 வினாடி நீண்டாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவ உதவி வேண்டும். மல்லாந்து படுக்கவைப்பதற்கும், தலையணையோ பொம்மையோ இல்லாத உறுதியான சமதள மெத்தைக்கும் எந்தக் கருவியும் ஈடாகாது.

வரைபடத்துக்காக இதை வாங்கலாம். எச்சரிக்கை ஒலியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். தயாரிப்பாளர்கள் கையேட்டில் துடிப்பான உறக்கத்தைப் பற்றி ஒரு பக்கமாவது சேர்த்தால், எத்தனையோ குழந்தைகள் பாதி உறக்கத்தில் எழுப்பப்படாமல் இருப்பார்கள்.