சத்துவாச்சாரி ஞாயிறு வகுப்பு: 200 ரூபாய்க்குத் தகும்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிற தம்பியோடு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். மாடியில் ஒரு கோச்சிங் சென்டர். தலைப்பு: அமெரிக்கக் கட்சிகள் அதிபர் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன. நம்ம ஊரில் தலைமை அறிவிக்கும், தொண்டன் பட்டாசு வெடிப்பான். அங்கே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள்.

சார் போர்டைத் தொடவே இல்லை. அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை நடத்திய காக்கஸை, அதாவது நேரில் கூடி வேட்பாளருக்கு ஆதரவு காட்டும் கூட்டத்தை, எங்களை வைத்தே நடத்திவிட்டார். வேட்பாளர்கள் ஆம்பூர் பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். பிடித்தவருக்கான மூலையில் போய் நிற்கணும். 15 சதவீதம் தேறாத அணி கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். 20 பேரில் கத்தரிக்காய்க்கு இரண்டே பேர். பேடா கோஷ்டி அவர்களை இழுத்த இழுப்பைப் பார்க்கணுமே! 1968-ல் ஜனநாயகக் கட்சியின் ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியிலும் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தில் நடக்கும் வாக்குப்பதிவு) போட்டியிடாமலே வேட்பாளரானதும், அந்த ஆண்டு கட்சியின் சிகாகோ மாநாட்டில் நடந்த ரகளைக்குப் பிறகு விதிகள் மாறியதும் அப்புறம் சுலபமாக மண்டையில் ஏறியது.

குறையும் உண்டு. குடியரசுக் கட்சிக்குப் பத்தே நிமிஷம். ஜெராக்ஸ் நோட்ஸில் ஜனநாயகக் கட்சிக்கு இன்னமும் அயோவாதான் முதல் மாநிலம். 2024-ல் கட்சி அந்த இடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டதைத் தம்பி சொன்னதும், சார் கோபப்படாமல் பேனாவால் திருத்தினார்.

வேலூர் வெயிலுக்கு ஒரே ஃபேன். தண்ணீர் பாட்டிலோடு சீக்கிரம் போய் அதன் கீழே இடம் பிடியுங்கள்.