டம்ளர் தண்ணீரில் போன 8,499 ரூபாய்

இன்றைக்கு மதியம்தான் மதுரையிலிருந்து திரும்பினேன். சட்டைப் பையில் செத்துப்போன வாட்ச். கூடவே சர்வீஸ் சென்டரில் கொடுத்த காகிதம்: தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வாரண்டியில் வராது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'சரி, போகுது' என்று நானே விட்டுவிடுவேன். கடைக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பதும் அதைத்தான்.

போனது 8,499 ரூபாய். மதுரைக்கு இரண்டு தடவை போய்வந்த பஸ் செலவு தனி.

எனக்கு வயது 52. முழங்கால் வலி, கொஞ்சம் பிரஷர். நடையைக் குறைத்துவிட்டு நீச்சல் அடியுங்கள், ஆனால் இதயத் துடிப்பை ரொம்ப ஏறவிடாதீர்கள் என்றார் டாக்டர். நீச்சலுக்கு எனக்குப் பஞ்சமில்லை. பள்ளத்தூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு இருக்கிறது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பா) என்னைத் தள்ளிவிட்ட அதே கிணறு. (ஊருணியிலேயே நீந்தலாமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்தாலே எங்கள் ஊர் ஆச்சிமார் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.) ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு நிரம்பிக் கிடந்தது. துடிப்பைக் காட்ட ஒரு வாட்ச் மட்டும்தான் வேண்டியிருந்தது.

காரைக்குடியில் செல்போன், ஹெட்போன், வாட்ச் எல்லாம் விற்கிற ஒரு கடை. பெயர் வேண்டாம். ஏசி போட்டிருப்பார்கள், உள்ளே போனதும் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள், அந்த மாதிரிக் கடை. விற்கிற பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "கிணத்துல நீச்சல் அடிக்கணும் தம்பி, தண்ணி தாங்குமா?" என்று முதல் வார்த்தையே அதைத்தான் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தான், பாட்டில் தண்ணீரை ஊற்றினான், ஓடிக்கொண்டிருந்த வாட்சை அதற்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். திரையில் நொடிகள் ஓடுகின்றன. டம்ளருக்குள் வாட்சின் பச்சை விளக்கு மினுக்குகிறது. இரண்டு நிமிஷம் கழித்து எடுத்துச் சட்டையில் துடைத்து என் கையில் கட்டிவிட்டான். "பார்த்துக்குங்கண்ணே. நீங்க கிணத்துல குதிங்க, கடல்ல குதிங்க, ஒண்ணும் ஆகாது. தண்ணிக்குள்ளேயே பட்டனை அமுக்கலாம்." மெனுவைத் தள்ளி, நீச்சல் அடிக்கிற ஆள் படத்தையும் காட்டினான்.

நான் விழுந்தது அந்த டம்ளரில்தான். கண்ணால் பார்த்ததற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். காலணாவுக்கும் பேரேட்டில் ஒரு வரி எழுதியவர். அவர் பேரன் 8,499 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, பில்லைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

பதினோரு நாள் நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில், மேலிருந்து குதிக்கவில்லை, படி வழியாகத்தான் இறங்கினேன். கிணற்றுக்குள் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கிக் கணக்கை ஆரம்பித்தேன். பத்துச் சுற்று ஆகியிருக்கும். கையைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் புகை மாதிரி மூட்டம். ஓரத்தில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு நீர்த்துளி. வாட்சைச் சாய்த்தால் துளியும் சாய்கிறது. அப்புறம் திரையில் ஒரு பச்சைக் கோடு, தானாக இரண்டு தரம் அதிர்ந்தது, அணைந்துவிட்டது. துடிப்பைப் பார்க்க வாங்கினேன், அதன் துடிப்பு நின்றதைப் பார்த்தேன்.

அன்றைக்கே கடைக்குப் போனேன். டம்ளர் பையன் இல்லை, "லீவு". முதலாளி வரட்டும் என்று முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். இந்தத் தடவை குளிர்ந்த தண்ணீர் வரவில்லை. கடைசியில் கல்லாவில் இருந்தவர், "அரிசியில போட்டு ரெண்டு நாள் வைங்கண்ணே, ஓடிரும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "பச்சரிசியா, புழுங்கலா, இல்லை கவுனி அரிசியா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. அவளிடம் கோபப்படவும் முடியவில்லை. இரண்டு நாள் அரிசிப் பானையில் கிடந்ததில் ஸ்பீக்கர் ஓட்டையில் அரிசி மாவு அடைத்ததுதான் மிச்சம்.

மறுபடி போனேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். "அவன் சொன்னதுக்கு நாங்க எப்படிண்ணே பொறுப்பு?" கடைச் சட்டை போட்டு, கடைக்குள் நின்று, கடை டம்ளரில் செய்துகாட்டியவன் சொன்னதற்குக் கடை பொறுப்பில்லை என்றால், பக்கத்து டீக்கடையா பொறுப்பு? கேட்டேன். மதுரை சர்வீஸ் சென்டர் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடை எனக்கு எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

மதுரையில் முதல் தடவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பத்து நாள் என்றார்கள். இடையில் மூன்று தரம் போன் செய்தேன். மூன்று தரமும் 'செக்கிங்கில் இருக்கு சார்'. இன்றைக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தம்பி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "சார், வெந்நீர்ல குளிக்கும்போது கட்டியிருந்தீங்களா?" மார்கழி மாசம், கட்டியிருந்தேன், ஆமாம் என்றேன். உடனே எழுதிக்கொண்டார். பொய் சொல்லியிருந்தாலும் அதே காகிதம்தான் வந்திருக்கும், ஆனால் உண்மை சொன்னது இப்போது எரிகிறது. அப்படியென்றால் நீச்சல் படம் எதற்கு என்றேன். "அது நீங்க நீந்துற நேரத்தைக் கணக்கு வைக்கிறதுக்கு சார்." வாட்சைக் கிணற்றுமேட்டில் கழற்றி வைத்துவிட்டு நீந்தினால் அது யார் நேரத்தைக் கணக்கு வைக்கும்? வேண்டுமானால் புது வாட்சுக்கு 15 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம்.

பஸ்ஸில் வரும்போது என் தங்கச்சி மகனுக்குப் போன் போட்டேன். அவன் இஞ்சினியர். "அம்மான், பெட்டியில என்ன போட்டிருக்கு, படிங்க" என்றான். பொடி எழுத்தில் ஐபி68 என்று இருந்தது. அவன் சொன்னதைக் கேட்டதும் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

ஐபி68 என்பது பொதுவாக எலெக்ட்ரிக் சாமான்களுக்குத் தூசியும் நீரும் புகாமைக்குக் கொடுக்கிற குறியீடு. எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளும். பல சாமான்களில் அது ஒன்றரை மீட்டர், 30 நிமிஷம். அசையாத நல்ல தண்ணீரில் வைத்துப் பார்ப்பது. கையை வீசி நீந்துவது அந்தச் சோதனையில் கிடையாது. வாட்சுக்கென்று தனி அளவு உண்டு, 3 ஏடிஎம், 5 ஏடிஎம் என்று போடுவார்கள் (ஏடிஎம் என்பது இங்கே அழுத்தத்தை அளக்கிற அலகு). 3 ஏடிஎம் கை கழுவ, மழையில் நனைய. நீச்சலுக்குக் குறைந்தது 5 ஏடிஎம் வேண்டும். 5 ஏடிஎம்மையே 50 மீட்டர் என்றும் போடுவார்கள். அதற்கு 50 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை; சோதனைக் கூடத்தில் அவ்வளவு ஆழத்து அழுத்தத்தை அசையாமல் தாங்கியது என்று அர்த்தம்.

இப்போது டம்ளர் கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு ஏடிஎம் அழுத்தம். டம்ளரில் தண்ணீர் பத்து சென்டிமீட்டர், அதாவது நூறில் ஒரு பங்கு. நீச்சலுக்குத் தாங்க வேண்டிய 5 ஏடிஎம்மில் ஐந்நூறில் ஒரு பங்கைக் காட்டி என்னிடம் 8,499 ரூபாய் வாங்கியிருக்கிறான். வட்டிக் கணக்குப் போட்டே வளர்ந்த ஊர்க்காரனிடம்!

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நேரமாகிவிட்டது. பெட்டியில் 5 ஏடிஎம் என்று அச்சில் இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்காதீர்கள். 'நீச்சலுக்கு ஏற்றது' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வந்த வழியே திரும்புங்கள். 5 ஏடிஎம்மே வாங்கினாலும் தண்ணீருக்குள் பட்டனை அமுக்காதீர்கள். வெந்நீர், சோப்பு, ஷாம்பு, குளோரின் எல்லாம் உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். நீந்தி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். பேட்டரி மாற்றவோ எதற்கோ பின்மூடியைத் திறந்தால் வளையத்தைப் புதிதாகப் போட்டு, அழுத்தம் சோதித்துத் தரச் சொல்லுங்கள். அரிசி சோறாக்க மட்டும்.

1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்துவிட்டேன். இதற்கும் கடை மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்; 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில், பெட்டி, மதுரைக் காகிதம் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். சார்ஜர் மட்டும் புத்தம் புதுசாக இருக்கிறது, அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.