15,000 ரூபாய் எலிப்டிகலா, 40,000 ரூபாய் எலிப்டிகலா?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் தினமும் நடந்து பழகியவருக்குக்கூட முட்டி வலிக்க ஆரம்பித்தால், அடுத்து வீட்டுக்குள் என்ன வாங்கிப் போடலாம் என்ற யோசனை வந்துவிடுகிறது. ட்ரெட்மில்லா, நின்றபடி இரண்டு பெடலை மாறி மாறி மிதிக்கும் எலிப்டிகலா? முதலில் ட்ரெட்மில் பேச்சை முடித்துவிடுவோம். ட்ரெட்மில்லில் ஒவ்வொரு எட்டுக்கும் கால் எழும்பி மறுபடி இறங்கும். எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழும்புவதே இல்லை, அதனால் முட்டியில் விழும் அதிர்ச்சி குறைவு. கைப்பிடியும் சேர்ந்து ஆடுவதால் தோளுக்கும் வேலை கிடைக்கும். கரண்ட் விஷயத்திலும் எலிப்டிகல்தான் மேல். ட்ரெட்மில் மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. குமிழைக் கையால் திருகி, காந்தத்தால் மிதியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் காந்த வகை எலிப்டிகலுக்கோ டிஸ்ப்ளேக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றும் ஓடும்.

சரி, எந்த எலிப்டிகல்? கடையில் போய் நின்றால் 15,000 ரூபாயைச் சுற்றி ஒரு கூட்டம், 35,000 முதல் 45,000 வரை இன்னொரு கூட்டம் என்று நிற்கும். “ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி, டிஸ்ப்ளேதான் வேற” என்று சொன்னால் நம்ப வேண்டாம். வித்தியாசம் இருப்பது காலடியில்.

விலை குறைந்ததில் ஏறி நின்று பத்து சுற்று மிதித்துப் பாருங்கள். பாதம் முன்னும் பின்னும் போவதைவிட மேலும் கீழும்தான் அதிகம் போகும். நின்றுகொண்டு சைக்கிள் மிதிப்பது மாதிரி இருக்கும். காரணம் எட்டின் நீளம், அதாவது ஒரு மிதியில் பாதம் முன்னும் பின்னும் போகும் தூரம். இந்த வகையில் பெரும்பாலும் 12 முதல் 14 அங்குலம்தான். ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது சமாளிக்கக்கூடியது. ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு முட்டி மடங்கி மடங்கி எழும். எந்த முட்டிக்காக வாங்கினோமோ அதற்கே வேலை வைக்கும். ஐந்தரை அடிவரை உள்ளவர்களுக்கு 16 அங்குலம், அதற்கு மேல் 18 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பலர் பயன்படுத்துவதாக இருந்தால் உயரமானவரின் கணக்கில் வாங்குங்கள்.

அடுத்தது ஃப்ளைவீல், அதாவது பெடலோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம். மலிவு வகைகள் பலவற்றில் 4, 5 கிலோ சக்கரம், அதை ஒரு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பட்டை அழுத்திப் பிடிக்கும். பட்டை தேயத் தேய இறுக்கம் மாறும், உரசல் சத்தமும் வரும். காந்த வகையில் சக்கரத்தை எதுவும் தொடுவதில்லை, தேய்மானமும் இல்லை. சக்கரம் 7, 8 கிலோவாவது இருந்தால் சுற்று வெட்டி வெட்டி வராமல் வழுக்கிக்கொண்டு போகும். விடிகாலையில் பட்டாசலில் (கூடத்தில்) மிதித்தால் உள்ளே தூங்கும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் கூடுதல் பணத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சக்கரம் முன்னால் உள்ளதா, பின்னால் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். முன்னால் இருந்தால் ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி கொஞ்சம் முன்சாய்வு வரும், விலை குறைவு. பின்னால் இருந்தால் உடம்பு நிமிர்ந்து நிற்கும், நடை தட்டையாக, இயல்பாக இருக்கும். ஆனால் நீளத்தில் இடம் கேட்கும். முதுகுவலி உள்ளவருக்கு நான் பின்சக்கரத்தைத்தான் சொல்வேன். முன்சக்கர வகைகள் பலவற்றில் பெடல் தண்டு தண்டவாளத்தில் உருளும் ரோலரில் உட்கார்ந்திருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊர்ப் புழுதி அந்தத் தண்டவாளத்தில் படிந்து கரகரக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு சிலிக்கான் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், ஆனால் அதை விடாமல் செய்ய வேண்டும். உவரி, கூடங்குளம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று போல்ட்டுகளைத் தின்றுவிடும். அங்கே ஜன்னல் ஓரத்தில் போட வேண்டாம்.

உட்கார்ந்தும் மிதிக்கலாம் என்று சீட் வைத்து விற்கும் இரண்டு-ஒன்று வகை எனக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளாகவும் சரியில்லை, எலிப்டிகலாகவும் சரியில்லை. உட்கார்ந்து மிதிக்கத்தான் ஆசை என்றால் தனி உடற்பயிற்சி சைக்கிள் வாங்குங்கள், விலையும் இடமும் குறையும்.

இடம் என்றதும் தரையை மட்டும் அளக்கிறார்கள், உச்சியை அளப்பதில்லை. பெடல் மேலே வரும்போது தரையிலிருந்து ஒன்று, ஒன்றேகால் அடி உயரத்தில் நிற்பீர்கள். ஆறடி ஆளுக்குத் தரையிலிருந்து கூரை வரை எட்டடியாவது வேண்டும். பரணுக்கு அடியில் போட்டால் தலை இடிக்கும். நெல்லை டவுன் பக்கம் மர உத்திரம் போட்ட பழைய மச்சு வீடுகளில் மாடியில் ஏற்ற வேண்டாம்; இயந்திரம் 45 கிலோ, ஆள் 80 கிலோ, அதற்கு மேல் ஆட்டம். அதே நேரம் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் மாதிரி 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த பகுதிகளில் கீழ்வீட்டில் வைப்பவர்கள், அவசரத்துக்குத் தனியாளாகத் தூக்க முடியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கான்கிரீட் மாடிதான் சரி.

பணம் 15,000-தான் இருக்கிறது என்றால்? புதியதில் மலிவானதை எடுப்பதைவிட, யாராவது பயன்படுத்தாமல் போட்டிருக்கும் நல்ல காந்த வகையைப் பழையதாகத் தேடலாம். பெடலைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடத்தால் மூட்டில் இருக்கும் புஷ் (வளையம்) தேய்ந்திருக்கிறது, புஷ் கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். புதியதாக இருந்தால் மாட்டிக் கொடுக்க ஆள் வருவாரா, உதிரி பாகம் நெல்லையிலேயே கிடைக்குமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். நீங்கள் பார்க்கும் இயந்திரம் எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டில் எடை அதிகமானவரைவிட 20 கிலோவாவது கூட இருக்க வேண்டும்.