ஸ்விண்டன்: ஸ்டீம் அருங்காட்சியகமும் அதைச் சுற்றிய ஊரும்

லண்டன் பாடிங்டனிலிருந்து பாத், பிரிஸ்டல் போகிற ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஸ்விண்டனில் நிற்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் பிரிட்டனில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் அங்கே தலையைக்கூடத் தூக்காமல் நேரே பாத்துக்குப் போய்விடுவோம். ஸ்விண்டன் என்றாலே போரடிக்கிற ஊர், அது ரவுண்டானா ஊர், அங்கே போய் எதைப் பார்ப்பது என்பதுதான் இங்கே பொதுப்பேச்சு. ஸ்டீம் என்கிற ரயில்வே அருங்காட்சியகத்தையும், ரயில்வே தொழிலாளர்களுக்காகக் கட்டிய ரயில்வே கிராமத்தையும் பார்த்த பிறகு அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், ஊரையும் சேர்த்தால் நான்கு.

ஊரைச் சேர்த்ததும் அந்த அரை மதிப்பெண் எங்கே போயிற்று என்றால், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுகிற ஊர் மையத்தில். அலுவலகக் கட்டடங்கள், மூடிக் கிடக்கும் கடைகள், எந்த ஊருக்குப் போனாலும் இருக்கிற அதே காபிக்கடை, அதே மருந்துக்கடை. பிரிட்டனில் பல ஊர்கள் போரடிக்கிற ஊர் என்று பெயர் வாங்குவது இப்படித்தான். வந்தவர் கடைத்தெருவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு ஊரையே எடை போட்டுவிடுகிறார். இதற்கு நேர்மாறாக, காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் பைபரி மாதிரி அழகான கிராமங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். தேன் நிறக் கல்வீடுகள் உண்மையிலேயே அழகுதான், ஆனால் போட்டோ எடுத்து முடித்த பிறகு அங்கே உங்களைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். அழகான ஊர் வேறு, தெரிந்துகொள்ள விஷயம் இருக்கிற ஊர் வேறு. ஸ்விண்டன் இரண்டாவது வகை.

சரி, கடைத்தெருவுக்குப் போகாமல் தண்டவாளத்தை ஒட்டி மேற்குப் பக்கம் நடங்கள். 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சின் பிரிவுத் தலைவர் டேனியல் கூச், அப்போது அவருக்கு வயது 24 தான், ரயில் எஞ்சின் பணிமனை கட்ட இந்த இடம் சரியாக இருக்கும் என்று அந்த ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் புரூனலுக்கு எழுதினார். அதற்கு முன் இங்கே குன்றின் மேல் ஒரு சின்னச் சந்தை ஊர் மட்டும்தான். 1843இல் பணிமனை ஓட ஆரம்பித்தது, தொழிலாளர்களுக்காகக் கீழே வரிசை வரிசையாகக் கல்வீடுகள் எழுந்தன, அதுதான் ரயில்வே கிராமம். தெருப்பெயர்கள் பெரும்பாலும் அந்த ரயில் போகும் ஊர்கள்: பிரிஸ்டல், எக்ஸிடர், டான்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ரீடிங். இன்றும் அந்த வீடுகளில் குடும்பங்கள் வசிக்கின்றன, அதனால் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காமல் நடங்கள். பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தெருக்களின் ஒழுங்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிராமத்திலிருந்து தண்டவாளத்துக்கு அடியில் ஒரு நடைபாதைச் சுரங்கம் போகிறது. தொழிலாளர்கள் வேலைக்குப் போன அதே வழி. உச்சகட்டத்தில் 14,000 பேருக்கு மேல் இங்கே வேலை செய்திருக்கிறார்கள், காலைச் சங்கு ஊதியதும் அத்தனை பேரும் நடந்த சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று அந்தச் சுரங்கத்தில் நின்று யோசித்தால்தான் ஊரின் அளவு புரியும். தயவுசெய்து அருங்காட்சியகத்துக்கு இந்த வழியாகவே போங்கள், காரில் நேராகப் போய் வாசலில் இறங்கினால் பாதி அனுபவம் போய்விடும்.

ஸ்டீம் இருப்பது பணிமனையின் பழைய கட்டடம் ஒன்றில்தான், 2000இல் திறந்தார்கள். எஞ்சின்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் பெயர்ப்பலகை வைக்கிற வகை அருங்காட்சியகம் இல்லை இது. வார்ப்படம், கொதிகலன், கடைசல் என்று ஒவ்வொரு வேலையும் எப்படி நடந்தது, யார் செய்தார்கள் என்று காட்டிக்கொண்டே போய் அப்புறம்தான் முழு எஞ்சினுக்கு உங்களைக் கொண்டுவருகிறார்கள். 1923இல் இங்கேயே கட்டிய கேர்ஃபிலி காசில், பச்சை வண்ணத்தில் பளபளவென்று நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று சக்கரத்தின் உயரத்தைப் பாருங்கள், நிதானமாகப் பாருங்கள். குழந்தைகளுக்கு சிக்னல் நெம்புகோல்களை இழுத்துப் பார்க்க வசதி இருக்கிறது, என் பையன் அங்கிருந்து நகரவே இல்லை.

என்னை அதிகம் பாதித்தது எஞ்சின் அல்ல, மருத்துவ நிதியின் கதை. 1847இல் தொழிலாளர்களின் கூலியிலிருந்து வாரம் ஒரு சிறு தொகை பிடித்து இங்கே ஒரு நிதி தொடங்கினார்கள். அதை வைத்து மருத்துவர், மருந்தகம், ஆஸ்பத்திரி, பல் சிகிச்சை, நீச்சல் குளம் என்று ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பி, 1948இல் அரசின் பொது மருத்துவ சேவையான என்எச்எஸ் வரும்வரை ஒரு ஊரே நூறு வருடம் தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. என்எச்எஸ்ஸில் வேலை பார்க்கிற தமிழர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! அவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இங்கே வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வருத்தமும் உண்டு. தொழிலாளர்களுக்காக நூலகம், நாடகம், சொற்பொழிவு எல்லாம் நடந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன் 1855இல் திறந்த அருமையான கட்டடம், கிராமத்தின் நடுவிலேயே இருக்கிறது. பணிமனை மூடிய 1986இலிருந்து அது பாழடைந்து கிடக்கிறது. ஊர் மையத்தில் எத்தனையோ தடவை இடித்துக் கட்டியவர்கள் இதைக் காப்பாற்றியிருந்தால், ஸ்விண்டனில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரவுண்டானாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்கிறார்கள். 1972இல் வந்த மேஜிக் ரவுண்டானா, ஐந்து சிறு ரவுண்டானாக்கள் சேர்ந்து ஒரு வட்டம், அதன் உள்வட்டத்தில் வண்டிகள் எதிர்த்திசையில் சுற்றும். பயப்படத் தேவையில்லை, வலதுபக்கம் வருபவருக்கு வழிவிட்டு மெதுவாகப் போனால் போதும். அதைப் பார்ப்பதற்காக மட்டும் வராதீர்கள், அவ்வளவுதான்.

ஸ்டீமுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே பணிமனைக் கட்டடங்களில் அவுட்லெட் கடைகள் இருக்கின்றன, ஷாப்பிங் பிடிக்காதவர்கள்கூட அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கலாம். மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் ஏவ்பரிக்குப் பேருந்து பிடியுங்கள். ஸ்டோன்ஹெஞ்சைவிட மிகப் பெரிய கல்வட்டம், வட்டத்துக்குள்ளேயே கிராமம், கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், வட்டத்தைப் பார்க்கக் கட்டணமும் கிடையாது. திரும்பி வர கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் ஏறுவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.