உள்ரூமா, பால்கனியா? பினாங்கு கப்பலில் மூன்று இரவு

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் இருந்துவிட்டு ரிட்டயர் ஆனவன் நான். டீசல் இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பூட்டிய கை. கப்பல் என்றால் ராமேஸ்வரத்தில் தூரத்தில் பார்த்ததோடு சரி. மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். போன பிப்ரவரியில் நானும் வீட்டம்மாவும், அவள் அக்காவும், சகலையுமாக நாலு பேர் திருச்சியிலிருந்து அவனைப் பார்க்கப் போனோம். போன இடத்தில், சிங்கப்பூரில் ஏறி மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய்த் திரும்பும் மூன்று இரவுக் கப்பலுக்கு எங்கள் நாலு பேருக்கும் அவனே டிக்கெட் போட்டுவிட்டான்.

கப்பல் கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. சில குறைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. தவிர, எந்தக் கப்பலில் ஏறினாலும் கணக்கில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று பல தடவை போனவர்கள் அங்கேயே சொன்னார்கள்.

முதலில் காசு. எங்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ரூம். துறைமுக வரி சேர்த்து இரண்டு பேருக்கு 1,040 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சகலை மட்டும், "வாழ்க்கையில் ஒரு தடவை போறோம், பால்கனி வேணும்" என்று சொல்லி 1,560 வெள்ளிக்கு எடுத்தார். ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், ராத்திரி ஆட்டம் பாட்டு எல்லாம் இதில் அடக்கம். இதற்கு மேல் டிப்ஸ் என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 18 அமெரிக்க டாலர் தனியாகக் கணக்கில் ஏறியது. இரண்டு பேருக்கு மூன்று இரவுக்கு 108 டாலர். டிக்கெட் எடுக்கும்போது இது கண்ணில் படாத இடத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

இறங்கும்போது எங்கள் மொத்தச் செலவு எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. சகலைக்கு ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே சோறு. அந்த அறுபதாயிரம் எங்கே போனது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மரினா பே முனையத்தில் பெட்டிகளை ஸ்கேனரில் விட்டபோது வீட்டம்மாவின் பெட்டியை மட்டும் ஓரம் கட்டினார்கள். உள்ளே குட்டி எலெக்ட்ரிக் கெட்டில். காலையில் தனக்குத் தானே காபி போட்டுக்கொள்ளாவிட்டால் அவளுக்கு விடியாது. கப்பலில் தீ என்றால் ஓட இடமில்லை, அதனால் சூடாகும் சாமான் எதுவும் கூடாது, இஸ்திரிப் பெட்டியும் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். இட்லிப் பொடிக்கும் சீல் பிரிக்காத ஊறுகாய்க்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏறியதும் அபாய ஒத்திகை. ஏழு குறுஞ்சத்தம், ஒரு நீண்ட சத்தம் கேட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை முதலில் டிவியில் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கே போய் ரூம் சாவி அட்டையைக் காட்ட வேண்டும். சகலை அலுத்துக்கொண்டார். 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்களே, அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்கு இந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புமுன்னரோ கிளம்பிய கையோடோ இதை முடித்துவிட வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். ரயில்வேயில் இருந்தவனுக்கு ஒரு விதிக்குப் பின்னால் எத்தனை பிணம் இருக்கும் என்று தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு போய் நின்றேன்.

இப்போது ரூமுக்கு வருவோம். உள்ரூம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ரயிலில் இரண்டு பேர் மட்டும் படுக்கும் பழைய ஃபர்ஸ்ட் கிளாஸ் கூபேயை அகலம் கூட்டி பாத்ரூமும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. டாய்லெட் வந்தே பாரத் ரயிலில் இருக்கிறதே, அதே வேக்குவம் வகை. பட்டனை அமுக்கினால் உறுமி இழுக்கும். வீட்டம்மா முதல் தடவை பதறி வெளியே வந்துவிட்டாள். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. மணி இரண்டா ஏழா தெரியாது. அதற்கும் வழி இருந்தது. டிவியில் ஒரு சேனல், கப்பலின் முகப்புக் கேமரா காட்டும் கடலை இருபத்து நாலு மணி நேரமும் காட்டிக்கொண்டிருக்கும். சத்தத்தைக் குறைத்து அதைப் போட்டுவிட்டுப் படுத்தால் அதுதான் ஜன்னல்.

ரூமை எங்கே எடுப்பது என்பதுதான் முக்கியம், எந்த வகை என்பது அப்புறம். மகன் கேட்டபோது, "நடுவில் போடு, கீழ் மாடியில் போடு" என்று மட்டும் சொன்னேன். ரயில் பெட்டியில் சக்கரத்துக்கு மேல் வரும் பெர்த்தில் படுத்தவனுக்கும் பெட்டியின் நடுவில் வரும் பெர்த்தில் படுத்தவனுக்கும் வித்தியாசம் தெரியுமே, அதே கணக்குதான். நடுவில் ஆட்டம் குறைவு. சகலையின் பால்கனி ரூம் மேலே, சரியாக பஃபே ஹாலுக்கு அடியில் வந்து விழுந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு மேல் மாடியில் நாற்காலி இழுக்க ஆரம்பித்துவிடுவார்களாம். மூன்று நாளும் கண் சிவந்துதான் காலைச் சாப்பாட்டுக்கு வந்தார்.

பால்கனியை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மாட்டேன். முதல் நாள் சாயங்காலம் நாலு பேரும் அங்கேதான் நின்றோம். சிங்கப்பூர் நீரிணையில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் எண்ண எண்ணத் தீரவில்லை. இருட்டியதும் ஒவ்வொன்றிலும் விளக்கு. தெப்பத் திருவிழாவில் குளம் முழுக்கத் தெப்பம் விட்டது போல இருந்தது. மைத்துனி அரை மணி நேரம் பேசவே இல்லை. ஆனால் மறுநாள் பகலில் வெக்கை தாங்காமல் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டார்கள். மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் இருப்பதால் பெரிய அலையும் கிடையாது. அதே கடலை மேல் தளத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 520 வெள்ளி கூடுதலாகக் கொடுத்ததற்கு அவர்கள் பால்கனியில் உட்கார்ந்த நேரம் மொத்தம் மூன்று மணி இருக்கும்.

நான் தினமும் ஐந்தரைக்கு நடைபோடும் தளத்துக்குப் போய்விடுவேன். இரண்டாம் நாள் அங்கே ஒரு பிலிப்பைன்ஸ் பையன் கைப்பிடிக் கம்பியில் துரு ஏறிய இடத்தைச் சுத்தியலால் தட்டிக் கொட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செம்மண் நிறத்தில் பிரைமர் பூசிக்கொண்டிருந்தான். எங்கள் ஒர்க்‌ஷாப் வாசனை. பக்கத்தில் நின்றுவிட்டேன். ஓட்டை இங்கிலீஷில் பேச்சு. எட்டு மாதம் ஒப்பந்தம், முடிந்ததும் இரண்டு மாதம் வீடு. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போய்ச் சேருமுன் ஆரம்பித்த இடம் மறுபடி துருப்பிடித்துவிடும் என்று சிரித்தான். இன்ஜினைப் பற்றிக் கேட்டேன். டீசல் ஓடி கரண்ட் எடுக்கும், கரண்ட் மோட்டாரைச் சுற்றும். அட, நம்ம டீசல் லோகோவேதான்! வித்தியாசம் என்னவென்றால் மோட்டார் கப்பலின் அடியில் ஒரு உருளைக்குள் தொங்குகிறது, தண்ணீரைத் தள்ளும் விசிறி அந்த உருளையின் முனையில், அந்த உருளையே சுற்றித் திரும்பும். தனியாகச் சுக்கான் இல்லை. எனக்கு அன்றைக்கே டிக்கெட் காசு வசூலாகிவிட்டது. அந்த 108 டாலர் மேல் இருந்த கோபமும் பாதி குறைந்தது. அதை டிக்கெட்டிலேயே சேர்த்துச் சொல்லிவிட்டால் மீதியும் போயிருக்கும்.

சாப்பாடு. நாங்கள் சைவம். பஃபேயில் இந்திய மூலை ஒன்று உண்டு: பருப்பு, உருளைக்கிழங்கு, நான் ரொட்டி, ஜீரக சாதம். முதல் வேளைக்கு நன்றாக இருந்தது, மூன்றாம் வேளைக்கு அதே பருப்பு வேறு பெயரில் வந்தது. இட்லி ஒரு நாள் வைத்தார்கள். தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கலாம். உட்கார்ந்து சாப்பிடும் பெரிய ஹாலில்தான் விஷயம் இருக்கிறது. பரிமாறிய தம்பி கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். "அம்மா, நாளைக்கு என்ன வேணும்னு இன்னிக்கு ராத்திரியே சொல்லிடுங்க, சமையல்ல தனியா செஞ்சு தருவாங்க" என்று காதோடு சொன்னார். மறுநாள் வெண்டைக்காய்ப் பொரியலும் சோறும் தயிரும் வந்தன. வீட்டம்மா பையிலிருந்து மாவடு எடுத்தாள். அந்த வேளை நான் வேறு எதையும் நினைக்கவில்லை. இந்த ஏற்பாடு எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

பினாங்கில் மதியம் இரண்டரைக்கு நின்றது, ராத்திரி பத்துக்குக் கிளம்பும். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 70 டாலர். சகலை தன் மனைவியோடு அதில் போனார்; அதில் பாதி நேரம் பஸ்ஸில் போயிற்று. நாங்கள் கப்பல் பாலத்தை விட்டு இறங்கி நடந்தோம். வாசலிலேயே விக்டோரியா ராணியின் அறுபது வருஷ ஆட்சிக்காக 1897-ல் ஆரம்பித்து 1902-ல் கட்டி முடித்த மணிக்கூண்டு, வருஷத்துக்கு ஒரு அடி வீதம் அறுபது அடி. யுத்தத்தில் விழுந்த குண்டால் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும். அங்கிருந்து கால் மணி நடையில் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். சாயரட்சை மணி அடித்தது. கொஞ்சம் தள்ளி, தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அவர்கள் காவடித் தடியில் சோறும் குழம்பும் தூக்கி விற்றதால்தான் 'நாசி கண்டார்' என்று அந்தச் சோற்றுக்குப் பெயர்; மலாயில் நாசி சோறு, கண்டார் அந்தத் தடி. பூக்கடையில் தமிழ், டீக்கடையில் தமிழ். தோசை, தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ, பூ எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 60 ரிங்கிட் ஆகவில்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா விசா கேட்பதில்லை. ஆனால் சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏறியதுமே நாட்டை விட்டுப் போனதாகத்தான் கணக்கு, திரும்பி வர வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும்.

கூட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். சிங்கப்பூர்த் தமிழ் அம்மா ஒருவர், ஏழாவது தடவையாம், பினாங்கில் இறங்கவே இல்லை. "எல்லாரும் எறங்கினதும் குளம் காலி, மசாஜ்ல தள்ளுபடி, நான் எதுக்கு வெயில்ல நடக்கணும்?" என்றார். ஹைதராபாத்துக் குடும்பம் ஒன்று, பிள்ளைகளைக் காலையில் சிறுவர் கிளப்பில் விட்டு மத்தியானம் வாங்கிக்கொள்வதே விடுமுறை என்றது. சென்னையிலிருந்து வந்த புதுத் தம்பதிக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிருந்தது. படத்தில் குளம் காலியாக இருந்ததாம். நிஜத்தில் கடலில் கழிந்த அந்த ஒரு முழு நாளில் குளத்தில் கால் வைக்க இடமில்லை. நாற்காலிகளில் ஏழு மணிக்கே துண்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். நம்ம ஊர் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதை மட்டும் ஏன் கேலி செய்கிறோமோ தெரியவில்லை.

சகலையின் மீதிக் காசு: பீர் ஒன்று 9 டாலர், மேலே 18 சதவீத சேவைக் கட்டணம். குடி பாக்கேஜ் எடுத்திருப்பார், ஆனால் ஒரே ரூமில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும் என்றார்கள். பெருமாள் தீர்த்தம் தவிர வேறொன்றும் தொடாத மைத்துனிக்கும் சேர்த்தா? விட்டுவிட்டார். வைஃபை 60 டாலர், அதில் வாட்ஸப் போட்டோ போகவே திணறியது. நான் போனை ஃபிளைட் மோடில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கேசினோவில் 40 டாலர். கப்பல் கரையை விட்டு நன்றாக விலகிய பிறகுதான் அதைத் திறக்கிறார்கள், அதுவரை வாசலில் காத்திருந்து தோற்றார்.

குறை என்று நான் வைப்பது பில்லை. ரூம் சாவி அட்டைதான் பர்ஸ். காட்டினால் போதும், காசு போவதே தெரியாது. கடைசி நாள் டிவியில் கணக்கைப் பார்த்தால் எங்கள் ரூமில் ஒரு குளிர்பான பாக்கேஜ் மூன்று நாளுக்கு ஏறியிருந்தது. நாங்கள் தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்கவில்லை. கவுண்டரில் நாற்பது நிமிஷம் வரிசை. கழித்துவிட்டார்கள், ஆனால் மன்னிப்பாக ஒரு வார்த்தை வரவில்லை. தினமும் ஒரு தடவை கணக்கைப் பாருங்கள். கடைசி ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

அந்தக் கடைசி ராத்திரி ஃபார்மல் டின்னர். கோட்டுக்கு எங்கே போவது? பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் நின்ற மேனேஜர் தலை குனிந்து உள்ளே விட்டார். சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வந்தால் பெட்டிகள் இல்லை. பதினோரு மணிக்குள் டேக் கட்டி வெளியே வைக்க வேண்டும், காலையில் கரையில்தான் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டம்மா எல்லாவற்றையும் மடித்து வைத்து அனுப்பிவிட்டாள், என் பேன்ட் இரண்டையும் சேர்த்து. காலை ஏழரைக்கு, ஒரு கையில் கெட்டில் டோக்கனும் மறு கையில் பாஸ்போர்ட்டுமாக, கசங்கிய பட்டுக்கரை வேட்டியில் இமிக்ரேஷன் வரிசையில் நின்றேன். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் அதிகாரி மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன அங்கிள், கப்பல்ல கல்யாணமா?"