மோட்டாரை மாற்றுவதற்கு முன்: பழைய ரோட்ஸ்டரின் பாப்-அப் ஹெட்லைட்டோடு பல வருடம்

கூரை திறக்கும் இரண்டு இருக்கை ரோட்ஸ்டரான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், கார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வந்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும். தேவைப்படும்போது மட்டும் உடம்பிலிருந்து மேலே எழும்பும் பாப்-அப் விளக்குகள் இதற்கு. ஒரு விளக்கு நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மூடியோடு படுத்திருக்கும். எதிரில் வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். இருட்டுகிற நேரத்தில் இந்தக் காரை ஓட்டுகிறவனுக்குத்தான் சிரிப்பு வராது.

என்னிடம் இருப்பது 1991-ல் ஜப்பானில் பதிவான யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 லிட்டர். எம்எக்ஸ்-5க்கு ஜப்பானில் வைத்த பெயர்தான் யூனோஸ் ரோட்ஸ்டர். அங்கே ஓடி முடித்த பிறகு பிரிட்டனுக்குக் கப்பலேறிய ஏராளமான ரோட்ஸ்டர்களில் இதுவும் ஒன்று. கவென்ட்ரியில் வைத்துப் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிலும் சாலையின் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் தாழ்த்திய (டிப்) வெளிச்சம் இங்கே சரியான பக்கம் விழுகிறது, விளக்கை மாற்ற வேண்டிய வேலை இல்லை. இனி சொல்லப்போகும் கோளாறு எதற்கும் தயாரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 30 வருடத்துக்கு மேல் மழையிலும் இங்கிலாந்துக் குளிர்கால உப்பிலும் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற எந்த மோட்டாருக்கும் இந்தக் கதிதான்.

பாப்-அப் நின்றால் பலரும் முதலில் தேடுவது பழைய மோட்டார். என் அனுபவத்தில் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். மோட்டாரே கெட்டுப்போவது அபூர்வம். அதற்குப் போகிற மின்சாரமோ, அதிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற பாதையான எர்த்தோ, உள்ளே எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற செப்புத் தகடோதான் கெடுகிறது.

இது வேலை செய்யும் விதத்தை முதலில் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் காரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி மோட்டார். மோட்டார் முன்னும் பின்னுமாகச் சுற்றுவதில்லை, எப்போதும் ஒரே திசைதான். அதன் அச்சில் ஒரு சிறு கை, அதிலிருந்து விளக்குக் கூட்டுக்கு ஒரு தண்டு. கை அரைச் சுற்றுப் போனால் விளக்கு மேலே, அடுத்த அரைச் சுற்றில் கீழே. சரியான இடத்தில் நிறுத்துவது மோட்டாருக்குள் இருக்கும் வட்டத் தகடு. அதில் செப்புப் பாதை ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும், தொடும் விரல்கள் அங்கே வந்ததும் மின்சாரம் அறுந்து மோட்டார் நிற்கும். விளக்கு எரிவதற்கு மின்சாரம் வரும் சுற்று வேறு. விளக்கு நிமிர்ந்தும் எரியவில்லை என்றால் பல்பையும் ஹெட்லைட் ஃப்யூஸையும் பாருங்கள், மோட்டார் பக்கம் போகாதீர்கள்.

கோளாறு எதுவானாலும் நான் முதலில் செய்வது கையால் சுற்றிப் பார்ப்பது. பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு மோட்டாரின் தலையிலும் ஒரு ரப்பர் மூடி, அதன் கீழே ஒரு குமிழ். அதைத் தொடுவதற்கு முன் பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியிலிருந்து இந்த மோட்டார்களுக்கான ரிட்ராக்டர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட வேண்டும். விளக்குக் கூட்டுக்கும் பாடிக்கும் நடுவே விரல் இருக்கும்போது மோட்டாருக்குத் திடீரென்று உயிர் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஃப்யூஸ் கையில் வந்த பிறகு குமிழைத் திருகுங்கள். பல் சக்கரம் வழியாகச் சுற்றுவதால் நிறையச் சுற்ற வேண்டும், பொறுமை தேவை. சுற்று முழுக்க ஒரே சீராக இருந்தால் இயந்திரப் பகுதி நலம், கோளாறு மின்சாரத்தில். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் தண்டு, கீல், வளைந்த விளக்கு மூடி இவற்றில் ஏதோ ஒன்று. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இல்லாமலே இந்தப் பிரிவினை கிடைத்துவிடும். நடுவழியில் நின்றுபோனால் விளக்கை மேலே தூக்கி வைத்துக்கொண்டு வீடு சேரவும் இதே குமிழ்தான்.

இரண்டும் சேர்ந்து எழும்பாவிட்டால் பொதுவான இடங்களைப் பார்க்க வேண்டும்: ஃப்யூஸ், ரிலே, டாஷ்போர்டில் இருக்கும் தூக்கும் பொத்தான், பேட்டரி. அது பெரும்பாலும் சீக்கிரம் முடிகிற வேலை. ஒரு பக்கம் மட்டும் நிற்பதுதான் ஆளைச் சுற்ற வைக்கும்.

என் காரில் வலது பக்கம் நின்றது ஒரு குளிர்காலத்தில். முதலில் மெதுவானது, பிறகு பாதியில் நின்று யோசித்தது, பிறகு எழுந்திருக்கவே மறுத்தது. வெயில் அடித்துக் காய்ந்த நாளில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழும்பும், மழை பெய்த மறுநாள் படுத்துவிடும். வேறு வேலையாகக் காரை விட்டிருந்த ஒரு கராஜில், பார்த்த மாத்திரத்தில் மோட்டார் போய்விட்டது, மாற்றுங்கள் என்றார்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறுகிற கோளாறு மோட்டாரின் வயிற்றுக்குள் இருக்க வாய்ப்புக் குறைவு என்பதால் காரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கேதான் மல்டிமீட்டர் பலரையும் ஏமாற்றுகிறது. கனெக்டரைக் கழற்றி முனையில் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் அழகாகக் காட்டும். உடனே ‘கரண்ட் வருகிறது, அப்படியென்றால் மோட்டார்தான்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். சுமை இல்லாதபோது தலைமுடி அளவு இணைப்பு மிச்சம் இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். மோட்டார் இழுக்க ஆரம்பித்ததும்தான் அது சரிந்து விழும். ஆகவே கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கத்து ஒயர் நுழையும் வழியாக முனையைச் செருகி, ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு அளக்க வேண்டும். முக்கியமாக எர்த் பக்கம். மீட்டரின் ஒரு முனை மோட்டாரின் எர்த் ஒயரில், மறுமுனை பேட்டரியின் நெகட்டிவில். மோட்டார் முயலும்போது இந்த இடைவெளியில் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. எனக்கு 2 வோல்ட்டைத் தாண்டியது.

இந்தக் காரில் பேட்டரி முன்னால் இல்லை, டிக்கியில் வலது மூலையில் இருக்கிறது. எடைச் சமநிலைக்காகச் செய்த ஏற்பாடு. ஓட்டும்போது அதன் அருமை தெரியும், ஆனால் முன்னால் உள்ள ஒவ்வொரு விளக்கின் எர்த்தும் காரின் உடம்பு வழியாகவே பின்னால் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. முன்பக்கத்து எர்த் போல்ட்டின் கீழே துரு ஏறினால் பாதை அங்கேயே அடைந்துவிடும். போல்ட்டைக் கழற்றியபோது வெளியே பளபளப்பு, அடியில் செந்தூள். ஒயர் முனையின் வளையத்தில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டு வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, புதிய பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். கனெக்டரின் உள்ளேயும் களிம்புதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, தளர்ந்திருந்த, துளையுள்ள (பெண்) முனைகளைச் சற்று நெருக்கிவிட்டு மாட்டியதும் விளக்கு சட்டென்று எழுந்தது. ஓய்வு பெறச் சொன்ன அந்த மோட்டார் இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இடது பக்கத்துக்கு வந்தது வேறு நோய். அதை முதலில் பார்த்தவன் நான் அல்ல, பக்கத்துத் தெருவில் இருக்கும் திருச்சிப் பையன். போன் போட்டு, “அண்ணே, உங்க கார் தனியா நின்னுக்கிட்டு ஒரு பக்கம் ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. உள்ள யாரும் இல்லையே?” என்றான். சாவி என் பாக்கெட்டில் இருந்தது. ஓடிப்போய் ஃப்யூஸைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. இப்படி நிற்காமல் ஆடினால் வேறெதையும் தேட வேண்டாம், உள்ளே இருக்கும் அந்த வட்டத் தகடுதான் குற்றவாளி. நிற்க வேண்டிய இடத்தில் மின்சாரம் அறுபடவில்லை என்று அர்த்தம். கவனிக்காமல் விட்டால் காலைக்குள் பேட்டரி காலி.

மோட்டாரைக் கழற்றி மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்த கிரீஸ் கிரீஸாக இல்லை. காய்ச்சிய பனைவெல்லப் பாகு கெட்டிப்பட்ட மாதிரி பழுப்பு நிறத்தில் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. செப்பு விரல்கள் ஓடிய தடத்தில் கறுப்பு வளையம். வெட்டுப்பட்ட இடத்தில் செப்புத் தூளும் அழுக்கும் சேர்ந்து பாலம் கட்டியிருந்தது, மின்சாரம் அதன் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. தகட்டைத் துடைத்து, பாலத்தைப் பல்குச்சியால் சுரண்டி, விரல்களின் நுனியை மட்டும் மெல்லிய உப்புத்தாளில் இழுத்து, புதிய கிரீஸைத் தகட்டில் மிக மெல்லிசாகவும் பல் சக்கரத்தில் தாராளமாகவும் வைத்தேன். மூடும்போது விளிம்பில் சிலிக்கான் சீலன்ட் போடுவது அவசியம், ஏனென்றால் தண்ணீர் நுழைந்ததால்தான் இந்த நிலை வந்தது. இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். மூடியைத் திறப்பதற்கு முன்பே அச்சின் கை எந்தப் பக்கம் நின்றது என்று மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். மூடியின் ஸ்க்ரூக்களுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், இல்லாவிட்டால் தலை மழுங்கிவிடும்.

குளிர்காலம் தனிப் பாடம். இரவில் ஈரம் உறைந்து விளக்கு மூடியின் விளிம்பு பாடியோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் முழு பலத்தோடு ஐஸை இழுக்கும், நல்ல காலம் இருந்தால் ஃப்யூஸ் போகும், இல்லாவிட்டால் தண்டின் இணைப்பு போகும். உறைபனி அறிவித்த இரவுகளில் விளக்கு எரியாமல் தூக்கி மட்டும் வைக்க டாஷ்போர்டில் அந்தத் தனிப் பொத்தான் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துகிறேன். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காகப் பெரிய ஆம்பியரைச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்ததாக எரிவது ஒயர்.

மேடு பள்ளத்தில் வெளிச்சம் நடுங்குகிறது என்றால் இணைப்புகள் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கூடு வந்து உட்காரும் ரப்பர் முட்டு சுருங்கியிருக்கும். அதைச் சற்று வெளியே திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, 7 அங்குல வட்ட விளக்கு, எச்4 பல்பு, 60/55 வாட். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் மங்கல்தான். எல்ஈடி பல்பு போட்டால் போகிறது என்பார்கள். பிரிட்டனின் வருடாந்திர எம்ஓடி சோதனையில், ஹாலஜன் விளக்குக் கூட்டில் எல்ஈடி பல்பு செருகியிருந்தால் இந்த வயதுக் காருக்குத் தோல்விதான். எர்த் சுத்தம் செய்த பிறகு என் காரில் பழைய பல்பே முன்னைவிட வெள்ளையாக எரிகிறது. பல்புக்கும் அதே பாதைதானே. பல்பு மாற்றும்போது விளக்கைப் பிடிக்கும் வளையத்தின் ஸ்க்ரூக்களை மட்டும் தொடுங்கள். அருகிலேயே இருக்கும் குறி வைக்கும் ஸ்க்ரூக்களைத் திருகிவிட்டால் வெளிச்சம் மரத்தைப் பார்க்கும், எம்ஓடிக்கு முன் மறுபடி குறி வைக்க வேண்டும்.

மற்றக் கார்களோடு பார்த்தால் ரோட்ஸ்டர்க்காரன் பாக்கியசாலி. போர்ஷே 944-ல் இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒரே மோட்டார், போனால் இரண்டும் போகும். ரோட்ஸ்டருக்கு முன்மாதிரியாக இருந்த 1960களின் லோட்டஸ் எலானில் மோட்டாரே கிடையாது, எஞ்சினின் வெற்றிடம் இழுத்துத்தான் விளக்கு எழும்பும். ஆரம்பகால எலானில் குழாய் எங்காவது கசிந்தால் ஓடும்போதே விளக்கு மெல்ல உட்காரும். 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் நிலையான விளக்கு வைத்துவிட்டார்கள். 2004-ல் லோட்டஸ் எஸ்ப்ரிட்டும் செவ்ரோலே சி5 கார்வெட்டும் நின்றதோடு பெரிய தயாரிப்பாளர்கள் யாரும் இதைச் செய்யவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் எடை குறைவு, உடையும் பாகம் குறைவு என்று பார்த்தால் அவர்கள் முடிவில் நியாயமும் உண்டு.

இப்போது வாங்கப் போகிறவர்கள் முதலில் பின்பக்கச் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் உடற்பகுதியில் (சில்) துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது விளக்கைவிடப் பெரிய செலவு. அதற்குப் பிறகு, எஞ்சின் ஓடாதபோது ஒரு தடவையும் ஓடும்போது ஒரு தடவையும் விளக்கைத் தூக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் வேகமாக எழுந்தால் பேட்டரியோ எர்த்தோ சோர்ந்திருக்கிறது, விலையைப் பேசலாம். இரண்டும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நிற்கிறதா என்று காரின் முன்னால் நின்று கவனியுங்கள். பானெட்டைத் திறந்து மோட்டார்களின் ரப்பர் மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடி காணாமல் போயிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும், அந்த மோட்டாரை வாங்கிய முதல் மாதமே திறந்து கிரீஸ் மாற்றிவிடுங்கள்.