வலிப்பு வரும் நாயின் மூளை: எம்.ஆர்.ஐ.யா, திசு ஆய்வா?

நாய் உயிரோடு இருக்கும்வரை மூளையைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்குத்தான் என் ஓட்டு. கட்டியோ அழற்சியோ தெரிந்தால் சிகிச்சையே மாறிவிடும். முதல் வலிப்பு ஆறு மாத வயதுக்கு முன்போ ஆறு வயதுக்குப் பின்போ வந்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும், செலவும் அதிகம். கடும் வலிப்புக்குப் பின் வரும் தற்காலிக வீக்கம்கூடப் படத்தில் நோய்போலத் தெரியும். சில வாரம் கழித்து எடுத்தால் மறைந்திருக்கும்.

இறந்த பின் செய்யும் திசு ஆய்வு அந்த நாய்க்கு உதவாது. அதன் உடன்பிறப்புகளுக்கும் அந்த இனத்துக்கும் உதவும். கம்பிமுடி டாக்ஸ்ஹுண்ட் நாய்களுக்கு வரும் லஃபோரா நோயில் நரம்பு செல்களுக்குள் சேரும் துகள்கள் நுண்ணோக்கியில்தான் தெரியும். அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2005இல் கண்டறியப்பட்டதால், இன்று இனப்பெருக்கத்துக்கு முன்பே மரபணுச் சோதனை செய்யலாம். பூனைகளுக்குத் திசு ஆய்வு இன்னும் முக்கியம். அவற்றின் மூளையில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் செல்கள் அழிந்திருப்பது பலமுறை பதிவாகியுள்ளது. ஆனால் அந்த அழிவால் வலிப்பு வந்ததா, வலிப்பால் செல்கள் அழிந்தனவா என்பதைத் திசு மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். காரணம் தெரியாத வலிப்பு என்று சொல்லப்படும் பல நாய்களின் மூளையில் எதுவுமே தென்படாது. அந்த வெற்று முடிவும் ஆய்வாளர்களுக்குத் தேவை. எல்லா ஆய்வகமும் ஒரே முறையில் மாதிரி எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்று சர்வதேசக் கால்நடை வலிப்புநோய்ப் பணிக்குழு 2015இல் வழிமுறை வெளியிட்டது.

எடுத்த திசுவை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடுவதா, உறைய வைப்பதா? ஃபார்மலின் செல்லின் வடிவத்தைக் காக்கும். திசுவைப்போல் பத்து மடங்கு அளவு வேண்டும். மரபணு, புரத ஆய்வுக்கு உறைந்த திசுவே மேல். ஒன்றைத்தான் தேர்வது வீண்: சிறு துண்டுகளை மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து, மீதியை ஃபார்மலினில் போடலாம்.

ரேபிஸ் உள்ள இந்தியா போன்ற நாடுகளில் முதல் கேள்வியே வேறு. தடுப்பூசி விவரம் தெரியாத நாய் வலிப்பு வந்து இறந்தால், பயிற்சி பெற்றவர்கள்தான் பாதுகாப்போடு தலையைத் திறக்க வேண்டும். முதலில் ரேபிஸ் சோதனை, மற்றதெல்லாம் பிறகு.

நாயின் உடலைத் திசு ஆய்வுக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். இறந்த சில மணி நேரத்திலேயே மூளை சிதையத் தொடங்கும். உடலைக் குளிர்பதனத்தில் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது. பனிப்படிகங்கள் திசுவைக் கிழித்துவிடும்.